யானைப் பசிக்குச் சோளப்பொரியா? – சிறு உதவிகளும் நம் குழந்தைகளும்



பங்குப் பேரவைக் கூட்டங்களில் ஏழைக் குழந்தைகளின் கல்வி உதவி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், தவறாமல் ஒரு கேள்வியும் எழும். "ஆயிரத்தையும் இரண்டாயிரத்தையும் கொடுத்து என்ன ஆகிவிடப் போகிறது சாமி? யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதானே?" கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஏழ்மை எவ்வளவு பெரியது, நம் உண்டியல் எவ்வளவு சிறியது என்பதைக் கண்ணாரப் பார்த்தவர்கள். அந்தச் சலிப்பில்தான் இப்படிக் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. ஏனெனில் இதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே, வரும் சூன் மாதத்தில் நம் பங்கிலுள்ள ஏதோ ஒரு குழந்தை பள்ளிக்குப் போகுமா, வேலைக்குப் போகுமா என்பது அமையலாம். சிறு உதவி உண்மையிலேயே பயன் தருகிறதா? தருகிறது என்றால் எப்போது, எப்படி? தராமல் போவது எப்போது? இவற்றைச் சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம்.

தடை எவ்வளவு பெரியது?

ஏழ்மை யானை அளவு பெரியதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையை, ஒரு குறிப்பிட்ட காலைப் பொழுதில், பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்து நிற்பது பெரும்பாலும் யானை அல்ல. ஒரு மூக்குக் கண்ணாடி, தையல் பிரிந்த ஒரு செருப்பு, வருவாய்த் துறையிடம் வாங்கவேண்டிய ஒரு சான்றிதழ், அதற்காக அப்பா வேலைக்குப் போகாமல் இழக்கும் ஒரு நாள் கூலி, மாதவிடாய் நாள்களில் ஒரு மாணவிக்குத் தேவைப்படும் அணையாடை, தாய் மருத்துவமனையில் இருக்கும் பத்து நாள்களுக்கு வீட்டில் சோறு. இவைதாம் தடைகள். ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் அந்தச் சிறியதைத் தாண்ட அந்த வீட்டில் அன்று வழியில்லை.

இதைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1956ஆம் ஆண்டு காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் தொடங்கியபோதும், 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோதும், குழந்தைகளுக்குக் கிடைத்தது ஒரு வேளைச் சோறு. ஒரு தட்டுச் சோற்றின் விலை மிகச் சிறியது. ஆனால் பசியோடு ஆடு மேய்க்கப் போயிருக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்தது அந்தச் சோறுதான். 2022ஆம் ஆண்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தின் பின்னால் இருப்பதும் இதே அறிவுதான். வறுமை முழுவதையும் ஒழித்துவிட்டுப் பிறகு பிள்ளையைப் படிக்க வைப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை. பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையில் நின்ற ஒரு தடையை எடுத்தார்கள்.

மூவாயிரம் ரூபாயின் உண்மையான விலை

அடுத்து, ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பள்ளி திறக்கும் வாரம். ஒரு தாய்க்கு மூவாயிரம் ரூபாய் தேவைப்படுகிறது. வங்கி அவருக்குக் கொடுக்காது. அடகு வைக்க நகையும் இல்லை. தெருமுனையில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகிறார். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. மாதந்தோறும் முந்நூறு ரூபாய் கட்டவேண்டும். பத்து மாதத்தில் வட்டியாக மட்டும் மூவாயிரம் ரூபாய் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். அடுத்த சூன் மாதம் வரும்போது பழைய கடனோடு புதிய கடனும் சேரும். ஒரு தவணை தவறினால் வாசலில் நின்று பேசும் பேச்சைப் பிள்ளைகளும் கேட்பார்கள். அப்போது வீட்டில் மூத்த பிள்ளை தானாகவே சொல்லும்: "நான் வேலைக்குப் போறேம்மா."

இத்தகைய வட்டிக்கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனாலும் அவசரம் என்று வரும்போது ஏழைக்கு அந்த வாசல்தான் முதலில் திறக்கிறது. சரியான வாரத்தில் பங்கிலிருந்து அந்த வீட்டுக்குச் சென்ற மூவாயிரம் ரூபாய், வெறும் மூவாயிரம் ரூபாய் அல்ல. ஓராண்டு வட்டியையும், ஓர் ஆண்டு அவமானத்தையும், ஒருவேளை ஒரு பிள்ளையின் படிப்பையும் அது மீட்டுக் கொடுக்கிறது. அதே மூவாயிரம் ரூபாயை மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால், அது வட்டிக்காரரின் கைக்குத்தான் போகும்.

இல்லாமைக்கும் ஒரு நாள்காட்டி உண்டு

ஆகவே, 'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' என்பது முக்கியம். வள்ளுவரும் செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில் உதவியின் பெருமையை அளக்கும்போது காலத்தை ஓர் அளவுகோலாக வைக்கிறார். நீதிமொழிகள் நூல், கையில் இருக்கும்போதே அடுத்திருப்பவரிடம் நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பாதே என அறிவுறுத்துகிறது. இணைச்சட்ட நூல், ஏழையின் கூலியைக் கதிரவன் மறையும் முன்னே கொடுத்துவிடச் சொல்கிறது. விவிலியம் தொகையை மட்டுமல்ல, நேரத்தையும் பார்க்கிறது.

நம் மக்களின் வாழ்வில் இந்த நேரம் எப்படி அமைகிறது என்று பாருங்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள்கள். மீன்வளம் பெருக இது தேவையானதே. ஆனால் பள்ளிகள் திறப்பது வழக்கமாக சூன் தொடக்கத்தில். அதாவது, விசைப்படகில் கூலிக்குப் போகும் மீனவர் வீட்டில் பணம் மிகக் குறைந்திருக்கும் அதே நாள்களில்தான் பிள்ளைகளின் செலவு மிகுதியாக வருகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலோ தடைக்காலம் சூன், சூலை மாதங்களிலேயே வருகிறது. அரசு தரும் நிவாரணத் தொகை பெரும்பாலும் மளிகைக் கடைப் பாக்கிக்கே சரியாகிவிடும்.

உள்நாட்டுப் பங்குகளுக்கு வேறு நாள்காட்டி. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பங்கள் புறப்படுகின்றன. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். ஆண்டு இறுதித் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும். அந்தப் பிள்ளை பாட்டி வீட்டிலோ விடுதியிலோ தங்கித் தேர்வு எழுத, மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு மட்டும் இருந்தால் போதும். உப்பளங்களிலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும். விவசாயக் கூலிகளுக்கு அறுவடை முடிந்த பிந்தைய மாதங்கள் கடினம்.

பல பங்குகளில் குறிப்பேடுகள் வழங்கும் விழா நடப்பது எப்போது? கோவில் திருவிழா முடிந்து, கணக்குப் பார்த்து, மீதி இருந்தால், ஆகஸ்டு அல்லது செப்டம்பரில். அதற்குள் கடன் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். படிப்பை நிறுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதே பணத்தை மே மாதக் கடைசி வாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது. ஆனால் பயன் பல மடங்காகும்.

பதினான்கு வயது என்னும் திருப்பம்

நேரத்தைப் போலவே வயதும் முக்கியம். 2009ஆம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தமும் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்களில்தான் தடை.

இதன் பொருள் என்ன? 14 வயதைத் தாண்டும்போது, கட்டாயக் கல்வி என்ற வேலி முடிகிறது. வேலைக்குத் தடை என்ற வேலியும் தளர்கிறது. அதே வயதில் அந்தப் பையனின் கை வலுவாகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி உறவினர்கள் திருமணப் பேச்சு எடுக்கத் தொடங்குகிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்கும், பத்திலிருந்து பதினொன்றுக்கும் போகும் பிள்ளைகளே நம் கண் அதிகம் படவேண்டியவர்கள். எல்லாருக்கும் சமமாக ஆளுக்கு ஐந்து குறிப்பேடு என்று பிரித்துக் கொடுப்பது பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் ஐந்து குறிப்பேடு இல்லாததால் படிப்பை நிறுத்திய பிள்ளை அரிது. தேவை யாருக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே அந்த அளவில் கொடுப்பதே நீதி. தொடக்கத் திருச்சபையிலும் அவரவர் தேவைக்கு ஏற்பவே பகிர்ந்து கொடுத்தார்கள் எனத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது.

கொடுத்துவிட்டால் போதுமா?

இனி, சிறு உதவியின் எல்லையையும் பார்ப்போம். கென்யா நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிச் சீருடை இலவசமாக வழங்கி, அதன் பயனை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2021ஆம் ஆண்டு அந்த ஆய்வு முடிவு வெளியானது. யாருக்குச் சீருடை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால், பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. சீருடை பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது. முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் இது 55 விழுக்காடு குறைந்தது. ஒரே ஒரு சீருடை செய்த வேலை இது!

ஆனால் திட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடக்கப் பள்ளியை முடிப்பதில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. சீருடை கிழிந்துபோனதைப் போலவே அதன் பயனும் நாளடைவில் தேய்ந்துவிட்டது.

சீனாவின் கான்சு மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு நடந்த இன்னொரு முயற்சி. பார்வைக் குறைவுள்ள தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக மூக்குக் கண்ணாடி வழங்கினார்கள். ஓர் ஆண்டு கண்ணாடி அணிந்த மாணவர்கள், கூடுதலாக ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மாதங்கள் பள்ளியில் படித்ததற்கு ஈடான முன்னேற்றத்தைத் தேர்வுகளில் காட்டினார்கள். ஆனால் இங்கேயும் ஒரு செய்தி உண்டு. கண்ணாடி கொடுக்க முன்வந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவது நம் ஊரிலும் உண்டு. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்குமா என்ற கவலையும் நம்மிடம் சேர்ந்தே உண்டு.

இவை இரண்டும் நமக்குச் சொல்வது என்ன? சிறு உதவி வேலை செய்கிறது. ஆனால் அது தனியாக நீண்ட தூரம் நடக்காது. அதன் கூடவே ஒரு மனிதர் நடக்கவேண்டும். கண்ணாடி வேண்டாம் என்னும் தாயிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். சீருடை கிழிந்த அடுத்த ஆண்டும் அந்த வீட்டு வாசலில் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

சமாரியரின் இரண்டு தெனாரியம்

ஆண்டவர் இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தொகை உண்டு. சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஆக, சமாரியர் கொடுத்தது இரண்டு நாள் கூலி மட்டுமே. இன்றைய கணக்கில் ஒரு சிறு உதவித் தொகைதான்!

ஆனால் அந்தத் தொகைக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால், அவர் அடிபட்டவரைக் கண்டார், அருகில் சென்றார், காயத்தைத் தொட்டுக் கட்டினார், தாமே அழைத்துக்கொண்டு போனார். பின்னால், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொன்னார். அதாவது, திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த இரண்டு தெனாரியத்துக்கு வலிமை கொடுத்தது அவருடைய பார்வையும் அவருடைய மறுவருகையும்தான். அருகில் செல்லாமல், திரும்பியும் வராமல் தூக்கிப் போடப்பட்ட பணம் என்றால் இருநூறு தெனாரியமும் வீண்தான்.

திருச்சபையின் பழைய வழி

இந்த வழி நமக்குப் புதிதல்ல. கி.பி. 155ஆம் ஆண்டளவில் மறைச்சாட்சியான புனித யுஸ்தீன், உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்க நூலில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நற்கருணைக்குப் பின், வசதியுள்ளவர்கள் தாம் விரும்பியதைக் கொடுக்கிறார்கள். அது திருக்கூட்டத் தலைவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதைக் கொண்டு அவர் அநாதைகளையும் கைம்பெண்களையும் நோயாளரையும் சிறையிலிருப்பவரையும் பேணுகிறார் என்று அதில் காண்கிறோம். ஞாயிறு திருப்பலியில் நாம் காணிக்கைத் தட்டில் இடும் பணத்துக்கும் தாய் தந்தையற்ற பிள்ளையின் சோற்றுக்கும் இடையிலான உறவு, திருப்பலியைப் போலவே பழமையானது.

1833 ஏப்ரல் 23 அன்று, தம் இருபதாம் பிறந்த நாளில், பிரெடரிக் ஓசானாம் என்னும் பல்கலைக்கழக மாணவர் சில நண்பர்களோடு பாரிசில் கூடினார். அவர்களை வழிநடத்தியவர் எம்மானுவேல் பாயி என்னும் மூத்த பொதுநிலையினர். ஏழைகளை எப்படி அணுகுவது என்று கற்றுத் தந்தவர் பிறரன்பு மகளிர் சபையைச் சேர்ந்த சகோதரி ரோசலி ரெந்து. மூஃப்தார் பகுதியின் ஏழைக் குடும்பங்களை அந்தச் சகோதரிக்குப் பெயர் பெயராகத் தெரியும். மாணவர்களிடம் பெரும் பணம் ஏது? ரொட்டிக்கும் அடுப்புக்கரிக்குமான சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். இதுவே புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம். 1997இல் ஓசானாமும், 2003இல் சகோதரி ரோசலியும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையின் நடைமுறையை உற்றுப் பாருங்கள். உறுப்பினர்கள் கூடிச் செபிக்கிறார்கள். இருவர் இருவராக இல்லங்களைச் சந்திக்கிறார்கள். கண்டதைக் கூட்டத்தில் பகிர்ந்து முடிவெடுக்கிறார்கள். இறுதியில் இரகசியக் காணிக்கைப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. உதவி பெறும் குடும்பத்தின் செய்தியும் அந்த அறையைத் தாண்டாது. சிறு தொகை, நேரடிச் சந்திப்பு, தொடர் உறவு, இரகசியம். இந்த நான்கும் சேர்ந்ததே அதன் பலம்.

1843இல் பிரான்சின் நான்சி மறைமாவட்ட ஆயர் சார்லஸ் தெ ஃபோர்பின் ஜான்சன் திருப்பாலர் சபையைத் தொடங்கினார். அவர் கேட்டது மிகச் சிறியது: நாளுக்கு ஓர் அருள்நிறை மரியே செபம், மாதத்துக்கு ஒரு சிறு காசு. குழந்தைகளே குழந்தைகளுக்கு உதவும் இந்த இயக்கத்தில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும் சிறுவயதில் சேர்ந்திருந்தார். 1922இல் இது பாப்பிறைச் சபையாக உயர்த்தப்பட்டு, இன்று உலகின் பல நாடுகளில் குழந்தைகளுக்கான பணிகளுக்குக் கைகொடுக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்பில் உண்டியல் சுற்றி வரும்போது, ஒரு பிள்ளை மிட்டாய்க்கு வைத்திருந்த காசைப் போடுகிறதே, அது இந்த வரலாற்றின் தொடர்ச்சி. யோவான் நற்செய்தியில் ஐந்து வாற்கோதுமை அப்பங்களை வைத்திருந்ததும் ஒரு சிறுவன்தான். இவ்வளவு பேருக்கு இது எப்படிப் போதும் என்று அந்திரேயா கேட்டது, நம் பங்குப் பேரவையின் கேள்வியேதான்.

பிள்ளையின் முகம்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கோவில் வளாகத்தில் மேடை போட்டு, பெயரை ஒலிபெருக்கியில் அழைத்து, பையைக் கையில் கொடுத்து, நிழற்படத்துக்கு நிற்கச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கொடுப்பவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை. கணக்குக் காட்டவேண்டும், மற்றவர்களையும் தூண்டவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மேடையில் நிற்கும் பதினைந்து வயது மாணவியின் இடத்தில் நம் வீட்டுப் பெண்ணை நிறுத்திப் பார்ப்போம். கீழே அமர்ந்திருப்பவர்கள் அவளுடைய வகுப்புத் தோழிகள். நாளை அவர்களோடுதான் அவள் பேருந்தில் போகவேண்டும். அவள் பெற்றுக்கொண்டது ஒரு பை. இழந்தது அதைவிடப் பெரியது. அடுத்த ஆண்டு தேவை இருந்தாலும் அவள் வரமாட்டாள். அவள் வராததைக் கண்டு தேவை தீர்ந்துவிட்டது என்று நாம் எழுதிக்கொள்வோம்!

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது, கொடுப்பவரின் ஆன்ம நலனுக்காக மட்டுமல்ல; பெறுபவரின் மானத்துக்காகவும்தான். கணக்கை வெளிப்படையாக வாசிப்போம்: எத்தனை பிள்ளைகள், எவ்வளவு தொகை, எதற்காக என்று. பெயரையும் முகத்தையும் மட்டும் காப்போம்.

நீதியை மறக்கலாமா?

தருமம் செய்துகொண்டே இருந்தால் ஏழ்மைக்குக் காரணமான அநீதி அப்படியே நிலைத்துவிடாதா என்ற கேள்வியும் நியாயமானது. ஓசானாமும் பிறரன்பு மட்டும் போதாது, காயம்பட்டவருக்குக் கட்டுப்போடுவதோடு காயம் உண்டாகாமல் தடுக்கும் நீதியும் வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஆனால் இரண்டும் எதிரிகள் அல்ல. ஒரு வீட்டுக்கு மாதந்தோறும் போய்வருபவருக்குத்தான் அந்த வீட்டு அப்பாவுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை என்பது தெரியவரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்காக 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. இப்படி உரிமையாக வரவேண்டியது பல நேரங்களில் ஆதார் அட்டையில் ஒரு பெயர்ப் பிழையால், வங்கிக் கணக்கில் ஒரு குறையால் வராமல் நின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஒருவர் கூடப்போனால், நாம் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் பயணச் செலவு, அந்தப் பிள்ளைக்குரிய பல ஆயிரத்தைப் பெற்றுத் தரும்.

2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ வெளியிட்ட 'திலெக்சி தே' என்னும் திருத்தூது ஊக்கவுரை ஏழைகள் மீதான அன்பைப் பற்றியது. ஏழ்மைக்குக் காரணமான அமைப்புகளை மாற்றவேண்டும் என்று அதில் வலியுறுத்தும் திருத்தந்தை, அதற்காகத் தருமம் கொடுப்பதைக் கைவிடலாகாது என்றும் சொல்கிறார். எதுவும் செய்யாதிருப்பதைவிட ஏதாவது செய்வது நல்லது என்பது அவருடைய கருத்து. தருமம் செய்யும்போது ஏழையின் முகத்தைப் பார்க்கிறோம், தொடுகிறோம், நம் உள்ளமும் இளகுகிறது. அந்தத் தொடுகை இல்லாதவர்கள் பேசும் நீதி வறண்டுபோகும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் பேசாமல் கேட்கத் தெரிந்த இருவரைத் தேர்ந்துகொள்வோம். மார்ச் மாதத்திலேயே, எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளின் வீடுகளை அவர்கள் சந்திக்கட்டும். எந்த வீட்டில் என்ன தடை என்று அறியட்டும். அந்த வீடு கத்தோலிக்க வீடாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சமாரியர் அடிபட்டவரின் சமயத்தைக் கேட்கவில்லை.

இரண்டாவது, தவக்கால உண்டியல் பணத்தில் பங்கிலேயே செலவிட அனுமதிக்கப்பட்ட பகுதியை மே மாதத்துக்குள் உரிய வீடுகளில் சேர்த்துவிடுவோம்.

மூன்றாவது, ஒரு சிறு அவசர நிதியை ஒதுக்கி வைப்போம். மருத்துவமனை, மரணம், மழைவெள்ளம் என்று திடீரென வரும் தேவைக்கு, அடுத்த பேரவைக் கூட்டம் வரை காத்திருக்காமல், பொறுப்பாளர்கள் மூவர் கலந்துபேசி இரண்டொரு நாளில் கொடுக்கும் உரிமை இருக்கட்டும். கணக்கைப் பிறகு பேரவை பார்க்கட்டும்.

நான்காவது, கொடுத்த வீட்டுக்கு மீண்டும் போவோம். கண்காணிக்க அல்ல, விசாரிக்க. "தம்பி எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பதற்கு. ஓராண்டாவது, முடிந்தால் அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை.

ஐந்தாவது, நம் சொந்தப் பிள்ளைகளையும் இதில் சேர்ப்போம். பிறந்த நாள் கேக்கின் விலையில் ஒரு பகுதியை உண்டியலில் போடும் பழக்கம் அவர்களுக்கு வரட்டும். யாருக்குப் போகிறது என்று அவர்கள் அறியவேண்டியதில்லை. தன்னைப் போன்ற ஒரு பிள்ளைக்குப் போகிறது என்று அறிந்தால் போதும்.

அன்புக்குரியவர்களே, எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், எத்தனையோ செல்வர்கள் போட்டதையும் பார்த்தார். ஓர் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசையும் பார்த்தார். அந்தக் காசு கோவில் செலவில் எவ்வளவு பங்கு என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. இன்றும் அவர் நம் உண்டியலுக்கு எதிரே அமர்ந்திருக்கிறார். அதில் விழும் காசையும் பார்க்கிறார். அது எந்த வாரத்தில், எந்த வாசலுக்கு, யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்கிறார்.

யானையின் பசியைத் தீர்க்க நம்மால் இயலாதிருக்கலாம். ஆனால் நம் தெருவில் பசித்திருப்பது யானை அல்ல, ஒரு குழந்தை. குழந்தையின் கைக்கு ஒரு பிடிப் பொரியும் பெரிதுதான். அதை நேரத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கவும், மீண்டும் போய்ப் பார்க்கவும் இறைவன் நமக்கு நல்மனம் தருவாராக.